ஒரிஜினல் கேட்கும் பழைய வண்டி

கடலூர் மாவட்டத்தில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் யாருக்கும் 2014 சாதாரண வருஷம் இல்லை. ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை வேலையை நிறுத்த, 1950களின் கடைசியிலிருந்து வந்துகொண்டிருந்த அம்பாசிடரும் முடிந்துபோனது. ஆகஸ்ட் 25ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்தார்கள் என்று சொல்லி 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. சிதம்பரம் வண்டிகேட் பக்கம் ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் மூன்று செய்தியையும் பேப்பரில் படித்தார். முதல் இரண்டுக்கும் வருத்தப்பட்டார். மூன்றாவதைக் கத்தரித்து ஷெட் சுவரில் ஒட்டினார்.

அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஷெட்டில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் கை பழகியவர். அந்தக் காலத்தில் "ஒரிஜினலா?" என்று கேட்டு வந்த வண்டிக்காரரை அவர் பார்த்ததில்லை. "லூகாஸா? கர்லிங்கா?" என்றுதான் கேட்பார்கள். கார் யார் செய்தது என்பது ஒரு விஷயம், காருக்குள் இருக்கும் சாமான் யார் செய்தது என்பது வேறு விஷயம் என்று டிரைவர்களுக்கே தெரிந்திருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ். கர்லிங் என்ற பிரேக் சாமான் அதே பாடியில் மறுவருஷம் வந்த பிரேக்ஸ் இந்தியா. பிஸ்டனுக்கு 1949லிருந்து செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். ஸ்டீயரிங் மூட்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் ரானே. வண்டி கல்கத்தா பக்கமிருந்து வந்தாலும், அதில் தேய்கிற, எரிகிற, உடைகிற பாகங்கள் பலவற்றின் சொந்த ஊர் மெட்ராஸ்தான்.

மஞ்சக்குப்பத்து மேஸ்திரி பையன்களுக்குக் கொடுத்த முதல் பாடம் ஸ்பேனர் பிடிப்பது இல்லை. கழற்றிய சாமானை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது. வீல் சிலிண்டரின் முதுகிலோ டை ராடு எண்டின் கழுத்திலோ வார்ப்பில் எழும்பிய எழுத்து இருக்கும். சில சமயம் முழுப்பெயர், சில சமயம் ஒரு முத்திரை, கூடவே ஒரு எண். "அதப் படிச்சுட்டு வந்து சொல்லுடா தம்பி, அப்புறம் கடைக்குப் போவலாம்" என்பார். எழுத்தைப் படித்துச் சொன்ன பிறகுதான் லாரன்ஸ் ரோடு பக்கம் கடைக்குக் காசு கிடைக்கும். பிரேக் ஷூவுக்கு லைனிங் அடிப்பதும் ஷெட்டிலேயே நடந்தது. பழைய ரிவெட்டைத் தட்டி எடுத்து, புது லைனிங்கை வைத்து, ரிவெட்டின் தலை லைனிங்கின் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார்கள். இறங்காவிட்டால் ரிவெட் டிரம்மைக் கீறிவிடும். அப்போதைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசியை வாயால் ஊதித் தள்ளியவர்களுக்கு யாரும் எச்சரிக்கை சொல்லவில்லை. இன்று அவருடைய ஷெட்டில் பிரேக் டிரம்மை ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது. ஈரத்துணிதான்.

ஒரிஜினல் என்ற சொல் மாருதியோடு வந்தது. 1983 டிசம்பரில் குர்கானில் முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வெள்ளை மாருதி வாங்கத் தொடங்கிய காலத்தில் அவரும் தனி ஷெட் போட்டார். 796 சிசி, மூணு சிலிண்டர், அம்பாசிடர் எஞ்சினோடு பார்த்தால் தையல் மிஷின் மாதிரி சத்தம். அதுவரை சாமான் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வரும். மாருதி சாமான் பெட்டியில் வந்தது, பெட்டிமேல் எண் இருந்தது. முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். நடுவில் 'எம்' என்ற எழுத்து. பின்னால் வருவது எந்த மாடலுக்கு என்று சொல்லும். இந்த ஒழுங்கு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் பெட்டியைத் திறந்ததும் பழைய பழக்கம் போகவில்லை. சாமானைத் திருப்பிப் பார்த்தார். பெட்டி மாருதியுடையது, வார்ப்பில் இருந்தது வேறு பெயர். கார்புரேட்டர் ஜப்பானிய மிகுனி நுட்பம். அதைச் செய்து கொடுத்தது சென்னையைச் சேர்ந்த யூகால். வண்டி ஜப்பான் என்று ஊர் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கையில் இருந்த சாமானில் பாதி பக்கத்து ஊர்ச் சரக்கு.

அவருடைய தொழிலின் சாரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கார் கம்பெனி உடலையும் எஞ்சினையும் செய்கிறது. பிரேக், கிளட்ச், பேரிங், விளக்கு, கண்ணாடி, ஃபில்டர் எல்லாம் அதற்கென்றே இருக்கும் கம்பெனிகளிடமிருந்து வாங்கிப் பொருத்துகிறது. அந்தக் கம்பெனிகளில் பல, அதே பாகத்தைத் தங்கள் சொந்தப் பெட்டியில் போட்டுக் கடைக்கும் அனுப்புகின்றன. பிரேக்ஸ் இந்தியாவின் சாமான் கார் கம்பெனிப் பெட்டியிலும் கிடைக்கும், டிவிஎஸ் கர்லிங் பெட்டியிலும் கிடைக்கும். இதற்கு அப்பால், கார் கம்பெனிக்கு ஒருநாளும் கொடுக்காத, ஆனால் தன் பெயரைப் போட்டு நேர்மையாக விற்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஊரில் இதையெல்லாம் மொத்தமாக 'வெளிச் சாமான்' என்பார்கள். கடைசியாக இருப்பது போலி. அடுத்தவன் பெயரையும் பெட்டியையும் திருடி அச்சடித்தது. 1999ஆம் வருஷ வணிகக் குறிகள் சட்டப்படி அதற்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. வெளிச் சாமானையும் போலியையும் ஒரே வார்த்தையில் 'டூப்ளிகேட்' என்று சொல்லிவிடுவதுதான் வண்டிக்காரர்கள் செய்யும் பெரிய தப்பு என்பது அவர் கட்சி. அதை அவர் கோபமாகவே சொல்வார்.

சுவரில் ஒட்டிய செய்தி இதைப் பற்றியதுதான். 2011இல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில் தொடங்கியது அந்த வழக்கு. விசாரித்த ஆணையம், பாகங்களைச் செய்து கொடுக்கும் கம்பெனிகள் நேரடியாகக் கடைக்கு விற்க முடியாதபடி கார் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டிருந்ததையும், வெளி மெக்கானிக்குகளுக்குப் பாகங்களும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளும் கிடைக்காமல் இருந்ததையும் பதிவு செய்தது. வெளியே ரிப்பேர் பார்த்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்லும் வழக்கத்தையும் கண்டித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின என்பது வேறு கதை. ஆனால் வண்டிகேட்டில் கிரீஸ் கையோடு நிற்கும் ஒருவர் வருஷக்கணக்காகச் சொல்லிவந்ததை டெல்லியில் ஒரு ஆணையம் எழுத்தில் வைத்தது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியபோதும் மகனை விட்டு அதைத் திறந்து காட்டச் சொன்னார்.

ஒரே கம்பெனி செய்தது என்றால் இரண்டு பெட்டியும் ஒன்றுதானா? இந்தக் கேள்விக்கு அவர் சட்டென்று ஆமாம் சொல்ல மாட்டார். டை ராடு எண்ட், வீல் சிலிண்டர், பேரிங் என்றால் பெரும்பாலும் ஒன்றுதான் என்பார். பிரேக் பேட் அப்படியில்லை. பேடில் இருக்கும் உராய்வுக் கலவையைக் கார் கம்பெனி தன் வண்டிக்கென்று கேட்டு வாங்கலாம், கடைக்கு வருவது வேறு கலவையாக இருக்கலாம். அதனால் பேட் மாற்றிய வண்டியை அவரே எடுத்துக்கொண்டு புவனகிரி ரோட்டில் போய்வருவார். முதலில் மெதுவாகப் பல தடவை பிரேக் பிடித்து பேடைப் படிய வைப்பார். பிறகு வேகத்தில். சத்தம் வருகிறதா, பெடல் கூடுதலாக இறங்குகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்.

15 வருஷம் முடிந்த வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதை எஃப்.சி. என்றே ஊரில் சொல்கிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. கட்டணம் ஏறியதும் வண்டிக்காரர்கள் மிச்சம் பிடிக்கப் பார்த்த இடம் சாமான்தான்.

"காட்டிட்டு வர்ற வரைக்கும் தாங்குனா போதும் தம்பி. சீப்பா ஏதாவது போட்டுடேன்" என்றார் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்.

"சீட் கவருக்கு அப்படிச் சொல்லுங்க சார், போட்டுத் தரேன். பிரேக்குக்கு மாட்டேன். காட்டிட்டு நீங்கதானே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போவீங்க?"

சார் யோசித்தார். கடைசியில் பிரேக்கும் பால் ஜாயிண்டும் பெயருள்ள கம்பெனிச் சரக்காகவும், டெயில் லேம்ப்பும் வைப்பரும் கதவுக் கைப்பிடியும் மலிவான வெளிச் சாமானாகவும் போட்டு வண்டி பாஸாகி வந்தது. இந்தப் பிரிவினைதான் அவருடைய கணக்கு. உடைந்தால் வண்டி நிற்குமா, இல்லை ஆள் போவானா? ஸ்டீயரிங், பிரேக், சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டுகள் என்றால் பேச்சுக்கே இடமில்லை. டைமிங் பெல்ட் அதற்கு அடுத்தபடி. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் எஞ்சின்கள் உண்டு. பெல்ட்டில் மிச்சம் பிடித்த பணம், வளைந்த வால்வுக்கு சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் செலவில் பல மடங்காகப் போகும். கூடவே டென்ஷனர் பேரிங்கையும் மாற்ற வேண்டும். பெல்ட்டை மட்டும் கம்பெனியாக வாங்கி, பழைய பேரிங்கிலேயே ஓட்டுவதில் அர்த்தம் இல்லை.

ஆயில் ஃபில்டர் விஷயத்தில் அவர் பேசுவதில்லை, காட்டுவார். ஷெட்டின் மேஜையில் குறுக்கே அறுத்த இரண்டு ஃபில்டர்கள் இருக்கின்றன. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே எடை போலத்தான் தெரியும். ஹேக்ஸா பிளேடால் அவரே அறுத்தவை. ஒன்றில் மடிப்பு மடிப்பாகக் காகிதம் நெருக்கமாக அடுக்கியிருக்கிறது, இரண்டு முனையும் தகட்டில் ஒட்டப்பட்டிருக்கின்றன, வாயில் ரப்பர் வால்வு இருக்கிறது. எஞ்சின் அணைந்த பிறகு ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் அந்த ரப்பர்தான் பிடித்து வைக்கும். அது வேலை செய்யாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி எஞ்சின் ஆயில் இல்லாமல் ஓடும், டப்பெட் சத்தம் கேட்கும். போலியில் மடிப்புகளை எண்ணினால் குறைவு, காகிதம் ஓரத்தில் ஒட்டாமல் விலகியிருக்கிறது, ரப்பருக்குப் பதில் அட்டை மாதிரி ஏதோ ஒன்று. ஆயில் காகிதத்துக்குள் போகாமல் விலகிய ஓரம் வழியாகவே போய்விடும். வடிகட்டுவது என்ற வேலையே நடக்காது. இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்த யாரும் அதற்குப் பிறகு விலை பேசியதில்லை.

பேரிங்கிலும் இதே தொல்லை. எஸ்.கே.எஃப். போன்ற கம்பெனி, போலியைச் சரிபார்க்க மொபைல் செயலியே விட்டிருக்கிறது என்றால் போலி எவ்வளவு பரவியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் மிதந்தது. தண்ணீரில் நின்ற வண்டிகளின் வீல் பேரிங்குகளில் கிரீஸ் கரைந்து, சில வாரத்தில் உறுமத் தொடங்கின. எல்லா ஷெட்டிலும் ஒரே நேரத்தில் பேரிங் தேவைப்பட்டது. கடைகளில் சரக்கு தீர்ந்த அந்த நாட்களில்தான் எங்கிருந்தோ வந்த பெட்டிகள் கண்ணில் பட்டன. அச்சு மங்கல், எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் கோணல், பேரிங்கின் விளிம்பில் எழுத்து ஆழமில்லாமல் தேய்த்தால் போகிற மாதிரி. அவர் அவற்றைத் தொடவில்லை. புதுச்சேரியிலிருந்து சரக்கு வரும்வரை வண்டிகளைக் காக்க வைத்தார். சிலர் காத்திருந்தார்கள், சிலர் வேறு ஷெட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

அதற்கு நாலு வருஷம் முன்னால், 2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது தேவை கண்ணாடிக்கு. மரம் விழுந்து முன் கண்ணாடி போன வண்டிகள் வரிசையில் நின்றன. மாருதி சின்னம் போட்ட கண்ணாடிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களிடம் அவர் உடைந்த கண்ணாடியின் மூலைத் துண்டை எடுத்துக் காட்டினார். அந்தச் சின்ன முத்திரையில் கார் கம்பெனியின் சின்னத்துக்குக் கீழே செய்தவர் பெயர் இருக்கும். மாருதிக்குக் கண்ணாடி கொடுக்கும் அசாஹி இந்தியாவின் பெயர் அங்கே இருந்தது. இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553ம் இருந்தது. அதே பெயரும் அதே எண்ணும் உள்ள, கார் சின்னம் மட்டும் இல்லாத கண்ணாடி சீக்கிரம் கிடைத்தது. போட்டார்.

உப்புக்காற்று கடலூரில் தனி வாத்தியார். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் நிற்கும் வண்டிகளின் அடிப்பாகம் உள்ளூர்க்காரர் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் அரிக்கும். அங்கிருந்து வரும் வண்டிக்கு வெறும் இரும்புத் தகட்டில் செய்த மலிவு சைலன்சர் போடுவதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அலுமினியப் பூச்சுள்ள தகடுதான் அங்கே தாங்கும். அம்பாசிடர் ரேடியேட்டர் என்றால் பேச்சே மாறும். செம்பும் பித்தளையும் என்பதால் ஒழுகினால் ஈயம் வைத்து அடைத்துவிடலாம். ஓரளவு நல்ல நிலையில் இருந்தால் புதிது எதற்கு? பிற்கால வண்டிகளின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டருக்கு அந்த வைத்தியம் கிடையாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

அம்பாசிடரைப் பற்றிப் பேசும்போது ஒரிஜினல் என்ற சொல்லே தலைகீழாகிவிடுகிறது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடவென்று அம்பாசிடரைப் பளபளவென்று வைத்திருக்கும் ஒருவர், மூடிய கடையொன்றின் பழைய சரக்கிலிருந்து பெட்டி பிரிக்காத ரேடியேட்டர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கிட், எஞ்சின் மவுண்டிங் என்று வாங்கி வந்தார். எல்லாம் அசல் கம்பெனி. முகமெல்லாம் சிரிப்பு. மெக்கானிக் ஹோஸை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். வளைவின் வெளிப்பக்கத்தில் முடி மாதிரி வெடிப்புகள் வரிசையாக ஓடின. ரப்பர் கிட்டின் கப் விரலால் அமுக்கினால் திரும்ப எழவில்லை.

"என்ன அண்ணே, ஒரிஜினல்தானே?"

"ஒரிஜினல்தாண்ணே. ஆனா இது பெட்டியிலேயே கிழவனாயிடுச்சு."

இரும்புக்கு அலமாரியில் வயது ஏறாது, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்தால் போதும். ரப்பருக்கு ஏறும். பழைய வண்டிக்குப் பழைய அசல் ரப்பரைத் தேடி அலைவதைவிட, போன வருஷம் செய்த வெளிக் கம்பெனி ரப்பர் எவ்வளவோ மேல். அந்த அம்பாசிடருக்கு அப்படித்தான் போட்டார். வாங்கி வந்த சரக்கில் கனெக்டிங் ராடு பேரிங் செட் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த வண்டியிலேயே டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டதும் அவர்தான். குறைந்த வேகத்தில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றாத டைனமோவை 'அசல்' என்பதற்காக வைத்துக்கொண்டு, ராத்திரி ஊர்வலத்தில் விளக்கு மங்க ஓட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

சென்னை புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய சாமானைப் பற்றியும் கேட்பார்கள். கதவு, பானெட், டேஷ்போர்டு, சீட், பூட்டு என்றால் தாராளமாக வாங்கிவரச் சொல்வார். புதிதாகக் கிடைக்காத ஃபியட் பத்மினி கதவுக்கு அங்கே போகாமல் வேறு எங்கே போவது? ஸ்டீயரிங் பாக்ஸோ பிரேக் காலிப்பரோ என்றால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். எந்த விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வந்தது என்று பார்த்தால் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு வந்திருக்கலாம்.

இப்போது ஷெட்டுக்கு வரும் பழைய வண்டி என்றால் 1998இல் வந்த சான்ட்ரோ, இண்டிகா, பிறகு ஃபோர்டு. சென்னை மறைமலைநகர் ஆலையில் 2022இல் ஃபோர்டு கடைசிக் காரை இறக்கியதும் ஃபிகோ வைத்திருப்பவர்கள் பதறி வந்தார்கள். சாமானுக்கு என்ன செய்வோம் என்ற கவலை. அவர் பதறவில்லை. சென்சாரோ ஃபியூல் பம்போ கழற்றினால் அதன்மேல் பாஷ் என்றோ டென்சோ என்றோ ஒரு பெயர் இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் அவர்களுடைய சொந்த எண் இருக்கும். ஃபோர்டு எண் கிடைக்காவிட்டாலும் அந்த எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லலாம். பையன்கள் இப்போது மண்ணெண்ணெயில் தேய்ப்பதில்லை, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதம் ஆனது. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28. பில்லோடு வரும் கம்பெனிச் சரக்குக்கும் பில் இல்லாமல் வரும் சரக்குக்கும் இருந்த விலை இடைவெளி கொஞ்சம் சுருங்கியது. அதை வைத்து அவர் வண்டிக்காரர்களிடம் பேசத் தொடங்கியிருக்கிறார். அவருடைய பில்லில் சாமான் பெயருக்குப் பக்கத்தில் செய்த கம்பெனியும் எண்ணும் எழுதியிருக்கும். கழற்றிய பழைய சாமான்களைப் பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுவார். "இது எதுக்கு, குப்பைதானே?" என்பார்கள். எண்ணைப் படித்துப் பில்லோடு ஒத்துப் பார்த்துவிட்டு அப்புறம் காயலான் கடைக்குப் போடுங்கள் என்று சொல்வார்.